ஆக்சிஜனுக்கு முன்பே பிறந்த அறை

ஆக்சிஜன் என்று ஒரு வாயு இருப்பதே உலகத்துக்குத் தெரியாத காலத்தில், காற்றை இறுக்கி அடைத்து அதற்குள் மனிதனை உட்காரவைக்கும் அறையை ஒருவர் யோசித்துவிட்டார். அவர் பெயர் நத்தானியல் ஹென்ஷா. ஆங்கிலேய மருத்துவர், லண்டன் ராயல் சொசைட்டியின் தொடக்ககால உறுப்பினர். 1664-இல் டப்ளினில் அச்சான தன் நூலில் அந்த அறையை விவரித்திருக்கிறார். காற்றுப் புகாத சுவர்கள். தேவாலயத்து ஆர்கன் வாத்தியத்துக்குப் பொருத்துகிற மாதிரியான பெரிய துருத்திகள். காற்றை உள்ளே தள்ளவும் வெளியே இழுக்கவும் வால்வுகள். திடீரென்று வந்த நோய் என்றால் அறைக்குள் காற்றை இறுக்க வேண்டும். நாள்பட்ட நோய் என்றால் தளர்த்த வேண்டும். நோயே இல்லாதவருக்கும் அங்கே இடம் உண்டு. உள்ளே சற்று நேரம் இருந்தால் செரிமானம் சீராகும், மூச்சு இலகுவாகும், நுரையீரல் நோய்கள் அண்டாது என்றார் ஹென்ஷா.

இன்று 'ஹைப்பர்பாரிக் ஆக்சிஜன்' என்ற பெயரில் நலவாழ்வு மையங்கள் தரும் விளம்பரங்களைப் பாருங்கள். நீளமான குழாய்க்குள் ஒருவர் கண்மூடிப் படுத்திருப்பார். களைப்பு தீரும், தூக்கம் வரும், தோல் பொலியும், முதுமை தள்ளிப்போகும் என்று கீழே எழுதியிருக்கும். முந்நூற்றறுபது ஆண்டுகளில் துருத்தி போய் கம்ப்ரசர் வந்திருக்கிறது. வாக்குறுதி மட்டும் அப்படியே இருக்கிறது.

ஒரு சிகிச்சை மருத்துவமனையில் பிறந்து, பெயர் வாங்கி, அதன் பிறகு அழகு நிலையத்துக்கும் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் போய்ச் சேர்வதுதான் வழக்கம். இந்தச் சிகிச்சையின் கதை தலைகீழ். பொது ஆரோக்கியம் என்ற ஆசைதான் இதில் மூத்தது. மருத்துவம் வெகுகாலம் கழித்துப் பிறந்தது. அதற்கு வழி திறந்ததும் மருத்துவர்களின் யோசனை இல்லை. ஆற்றுக்கு அடியில் மண் அள்ளிய கூலிக்காரர்களின் மூட்டு வலி.

காற்றுக் குளியல்

ஹென்ஷாவின் துருத்திகளால் சொல்லும்படியான அழுத்தம் எதையும் உண்டாக்கியிருக்க முடியாது. கசியாத உலோகக் கலங்களும் வலுவான காற்றுப் பம்புகளும் வர இன்னும் நூற்றெழுபது ஆண்டுகள் ஆயின.

இடையில் 1774-இல் ஜோசப் பிரீஸ்ட்லி ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தார். ஸ்வீடனில் கார்ல் ஷீலே அவருக்கும் முன்பே பிரித்திருந்தார். ஆனால் அச்சில் முந்தியவர் பிரீஸ்ட்லி. அவர் தானே அதைச் சுவாசித்துப் பார்த்தார். நெஞ்சு லேசானதுபோல் இருந்தது. பிற்காலத்தில் இது ஆடம்பரப் பொருளாகவும் ஆகலாம் என்று எழுதிவைத்தார். கூடவே ஓர் எச்சரிக்கை: இந்தக் காற்றில் மெழுகுவர்த்தி வேகமாக எரிந்து முடிகிறது, மனித உயிரும் அப்படியே விரைந்து தீர்ந்துபோகலாம். பின்னால் நடக்கவிருந்த இரண்டு விஷயங்களையும் அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார் என்றே தோன்றுகிறது.

1834-இல் ஜூனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் செம்பில் ஒரு கலம் செய்து, அதற்குள் மனிதர்களை உட்காரவைத்துக் காற்றை இறுக்கினார். 1837-இல் லியோன் நகரத்தில் சார்ல் பிரவாஸ் பன்னிரண்டு பேர் சேர்ந்து உட்காரும் அறையைக் கட்டினார். ஊசி மருந்து செலுத்தும் சிரிஞ்சின் வரலாற்றிலும் வருகிற அதே பிரவாஸ்தான். காசநோய், கக்குவான் இருமல், காது கேளாமை என்று பலவற்றுக்கும் அவர் அறையில் இடமிருந்தது. 'அழுத்தக் காற்றுக் குளியல்' ஐரோப்பிய நகரங்களில் நாகரிகமாயிற்று. வெந்நீர் ஊற்றுகளுக்குப் போகிற அதே வசதிபடைத்த கூட்டம் இங்கேயும் வந்தது. 1879-இல் ஃபோன்டேன் என்பவர் சக்கரம் வைத்த அழுத்த அறைக்குள் அறுவை சிகிச்சையே செய்யவைத்தார்.

இவை எல்லாவற்றிலும் இருந்தது சாதாரணக் காற்று. எந்த நோய்க்கு எவ்வளவு அழுத்தம், ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வந்திருக்கும்.

ஆற்றுக்கு அடியில்

அதே காலத்தில், அதே பிரான்சில், இன்னொரு அழுத்த அறை பிறந்தது. லுவார் ஆற்றங்கரையில் மணலுக்குக் கீழே நிலக்கரி இருந்தது. தோண்டினால் தண்ணீர் புகுந்துவிடும். ஷாக் திரிஷே என்ற சுரங்கப் பொறியாளர் இரும்பு உருளை ஒன்றை மண்ணுக்குள் இறக்கி, அதற்குள் காற்றை அழுத்தித் தண்ணீரை வெளியே தள்ளினார். உள்ளே ஆட்கள் கால் நனையாமல் தோண்டலாம். கெய்சன் என்று பொறியாளர்கள் சொல்லும் அடித்தளக் கலம் இப்படித்தான் வேலைக்கு வந்தது.

வேலை முடித்து மேலே வந்த ஆட்களில் சிலருக்கு மூட்டுகளில் தாங்க முடியாத வலி வருவதை 1841-இலேயே திரிஷே பதிவு செய்திருக்கிறார். 1854-இல் போல், வாத்தேல் என்ற இரண்டு மருத்துவர்கள் சுரங்கத் தொழிலாளர்களைக் கூடவே இருந்து கவனித்து இரண்டு உண்மைகளைக் கண்டார்கள். அழுத்தத்துக்குள் போகும்போது ஆபத்து இல்லை, வெளியே வரும்போதுதான். வலியோடு இருப்பவரை மறுபடி அழுத்தத்துக்குள் கொண்டுபோனால் வலி குறைகிறது. நோயும் மருந்தும் ஒரே கலத்துக்குள் இருந்தன. ஆனாலும் அந்த மருந்தைத் தொழிலாளிக்குத் தர முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

அந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் பெரும் பாலங்கள் எழுந்தன. மிசிசிப்பி ஆற்றின் மேல் செயின்ட் லூயி நகரத்துப் பாலம் பத்துப் பேருக்கு மேல் பலி வாங்கியது. நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தில் 110 தொழிலாளர்களை இந்த நோய்க்காகப் பார்த்தார் மருத்துவர் ஆண்ட்ரூ ஸ்மித். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்லிங்கே 1872-இல் படுத்த படுக்கையானார். பாலத்தின் மீதி வேலையை அவருக்கும் ஆட்களுக்கும் நடுவில் நின்று நடத்திக்கொடுத்தவர் அவர் மனைவி எமிலி. சிகிச்சைக்கென்று தனி அழுத்த அறை வேண்டும் என்று ஸ்மித் எழுதினார். பாலம் முடிந்தது, அறை வரவில்லை.

காரணத்தைச் சொன்னவர் பிரெஞ்சு விஞ்ஞானி பால் பெர். கோலி சோடாவின் குண்டை அழுத்தியதும் நுரை பொங்குகிறதே, அதே கணக்கு. அழுத்தம் கூடினால் வாயு திரவத்தில் கரைகிறது. அழுத்தம் சட்டென்று விலகினால் குமிழியாக வெளியேறுகிறது. அழுத்தக் காற்றில் வேலை செய்பவரின் ரத்தத்திலும் திசுக்களிலும் நைட்ரஜன் கரைந்திருக்கும். அவர் அவசரமாக மேலே வந்தால் அது குமிழிகளாகி நாளங்களை அடைக்கும். 1878-இல் வெளிவந்த தன் பெருநூலில் பெர் இதை நிறுவினார். அதே நூலில் இன்னொன்றையும் நிறுவினார்: மிகுந்த அழுத்தத்தில் ஆக்சிஜனே நஞ்சு, வலிப்பு வரும்.

1889-இல் ஹட்சன் ஆற்றுச் சுரங்கப் பாதையின் பொறுப்பு எர்னெஸ்ட் மோயர் கைக்கு வந்தது. 45–50 பேர் வேலை செய்த இடத்தில் மாதம் ஒருவர் செத்துக்கொண்டிருந்தார். மோயர் மருத்துவர் அல்ல, பொறியாளர். வேலையிடத்துக்குப் பக்கத்திலேயே ஓர் அழுத்த அறையை வைத்தார். வலி என்று வந்தவரை அதற்குள் ஏற்றி, அழுத்தத்தை மெல்ல மெல்ல இறக்கினார். அடுத்த 15 மாதங்களில் 120 பேர் வேலை செய்தும் இறந்தவர்கள் இரண்டே பேர்.

எந்த நோய் என்று தெரிந்து, எதனால் குணமாகிறது என்றும் தெரிந்து, முன்பும் பின்பும் எண்ணிக் காட்டப்பட்ட முதல் அழுத்தச் சிகிச்சை இதுதான். காற்றுக் குளியலறைகளில் ஐம்பது ஆண்டுகளாக உட்கார்ந்திருந்த சீமான்களால் கிடைக்காத கணக்கு, சேறு அள்ளியவர்களின் சாவால் கிடைத்தது.

எஃகுப் பந்து

இதற்குப் பிறகாவது பழைய கதை ஓய்ந்திருக்க வேண்டும். ஓயவில்லை. அதன் உச்சமே இனிமேல்தான்.

ஆர்வல் கன்னிங்ஹம் அமெரிக்காவின் கான்சஸில் மயக்க மருந்துப் பேராசிரியர். 1918-இன் கொள்ளைக் காய்ச்சலில் கடலோரத்தைவிட மலைப் பகுதிகளில் சாவு அதிகம் என்பது அவர் கண்ணில் பட்டது. மலையில் காற்றழுத்தம் குறைவு. அப்படியானால் அழுத்தத்தைக் கூட்டினால் பிழைப்பார்கள் என்று முடிவுகட்டினார். உருளை வடிவ அறையில் காய்ச்சல்காரர்களை ஏற்றினார், சிலர் பிழைத்தார்கள். அங்கிருந்து சர்க்கரை நோய், மேகநோய், புற்றுநோய் என்று அறையின் எல்லை விரிந்தது. இவற்றுக்கெல்லாம் காற்றில்லாமல் வாழும் கிருமிகளே காரணம் என்பது அவர் கொள்கை.

அவரிடம் குணமடைந்த நண்பர் ஒருவரைப் பார்த்து மகிழ்ந்த பேரிங் தொழிலதிபர் ஹென்றி டிம்கன் பணத்தை அள்ளிக் கொடுத்தார். கிளீவ்லாந்தில் 1928-இல் எழுந்தது 64 அடி விட்டமுள்ள எஃகுப் பந்து. உள்ளே ஐந்து மாடிகள், படுக்கை அறைகள், சாப்பாட்டுக் கூடம், வரிசையாக வட்டச் சன்னல்கள். செலவு பத்து லட்சம் டாலர். மருத்துவமனையும் நட்சத்திர விடுதியும் ஒன்றாக இருந்த அந்தப் பந்துக்குள் நிரப்பியதும் வெறும் காற்றுதான்.

ஆதாரம் கொடுங்கள் என்று அமெரிக்க மருத்துவர் சங்கம் திரும்பத் திரும்பக் கேட்டது. ஒப்பிட்டுப் பார்க்கும்படியான ஒரு கணக்கையும் கன்னிங்ஹம் தரவில்லை. சில ஆண்டுகளில் பந்து கைமாறியது. 1942-இல் போர்க்கால இரும்புத் தேவைக்காக உடைத்து எடுத்துப்போனார்கள். அழுத்தச் சிகிச்சை என்றாலே மருத்துவர்கள் முகம் சுளிக்கும் நிலையையும் அது விட்டுப்போனது.

ரத்தமில்லாமல் உயிர்

கடற்படைகள் மட்டும் தங்கள் வேலையைத் தொடர்ந்தன. ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆடுகளை வைத்துச் சோதித்து, நீர்மூழ்குபவர் எந்த ஆழத்திலிருந்து எத்தனை நிமிடத்தில் மேலே வரலாம் என்ற அட்டவணையை 1908-இல் தந்தார். 1937-இல் அமெரிக்கக் கடற்படையின் பென்கியும் ஷாவும், குமிழி நோய்க்கு வெறும் காற்றைவிட அழுத்தத்தோடு தூய ஆக்சிஜன் நல்லது என்று காட்டினார்கள். அந்த நோய்க்கு அறையும் ஆக்சிஜனும் ஒன்றுசேர்ந்து பயன்பட்டது அப்போதுதான்.

ஹால்டேனின் மகன் ஜே. பி. எஸ். ஹால்டேன், இரண்டாம் உலகப் போரின்போது தன் உடம்பையே ஆய்வுக்கூடமாக்கினார். அழுத்தத்தில் ஆக்சிஜனைச் சுவாசித்து வலிப்பு வந்து முதுகெலும்பு நசுங்கியது. செவிப்பறை கிழிந்தது, அதன் வழியே புகையிலைப் புகையை விட முடிகிறது என்று அதையும் வேடிக்கையாக எழுதினார். பின்னாளில் இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் காலமான அதே மரபியல் அறிஞர்தான் அவர். எவ்வளவு ஆக்சிஜன், எவ்வளவு நேரம் என்ற இன்றைய வரம்புகளுக்குப் பின்னால் இப்படிப் பலருடைய வலிப்புகள் இருக்கின்றன.

மருத்துவமனைக்கு இதைக் கொண்டுவந்தவர் ஆம்ஸ்டர்டாமின் இதய அறுவை நிபுணர் இட்டே புரேமா. அவருக்கு இருந்த சிக்கல் மிகத் தெளிவானது: குழந்தையின் இதயத்தைத் திறந்து சரிசெய்ய ரத்த ஓட்டத்தைச் சில நிமிடம் நிறுத்த வேண்டும், அதற்குள் மூளை செத்துவிடும். அந்தச் சில நிமிடத்தை நீட்ட முடியுமா?

சாதாரணமாக ஆக்சிஜனைச் சுமப்பது ரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின். ரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரைந்திருப்பது சொற்பம்: 100 மில்லி ரத்தத்தில் 0.3 மில்லி. மூன்று மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால் அது ஏறத்தாழ 6 மில்லியாகிறது. ஓய்வில் இருக்கும் உடம்புக்குத் தேவைப்படுவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அப்படியென்றால் சிவப்பணுவே இல்லாமல் உயிர் வாழ முடியுமா?

புரேமா பன்றிக்குட்டிகளை அழுத்த அறைக்குள் வைத்து, அவற்றின் ரத்தத்தை எடுத்துவிட்டு உப்பும் சர்க்கரைப் பொருளும் கலந்த திரவத்தை நிரப்பினார். ஹீமோகுளோபின் இல்லாத நிலைக்கே வந்துவிட்டது. இதயம் துடித்துக்கொண்டே இருந்தது. ரத்தத்தைத் திரும்ப ஏற்றியதும் குட்டிகள் பிழைத்தன. 1960-இல் அந்தக் கட்டுரை வந்ததும் உலகம் திரும்பிப் பார்த்தது. அடுத்த ஆண்டே அவருடைய சகா பிரம்மல்காம்ப், கேஸ் காங்கிரீன் என்னும் கொடிய அழுகல் நோயில் இதன் பலனைக் காட்டினார். ஆக்சிஜனைக் கண்டாலே முடங்கும் கிருமி அது. கன்னிங்ஹம் எல்லா நோய்க்கும் பொருத்திச் சொன்ன கொள்கை, உண்மையிலேயே பொருந்திய நோய் இது. அதே காலத்தில் கிளாஸ்கோவில் கார்பன் மோனாக்சைடு நச்சுக்கு இதைப் பயன்படுத்தினார்கள். ரத்தத்தில் ஏறிய அந்த நச்சு பாதியாகக் குறைய, வெறும் காற்றில் நான்கைந்து மணி நேரம். மூன்று மடங்கு அழுத்தத்தில் தூய ஆக்சிஜன் தந்தால் அரைமணிக்கும் குறைவு.

எந்த இதய அறுவைக்காக அறை கட்டப்பட்டதோ, அந்த வேலையை இதய-நுரையீரல் இயந்திரம் எடுத்துக்கொண்டது. 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் குறைமாதக் குழந்தையை பாஸ்டனில் அழுத்த அறையில் வைத்தும் காப்பாற்ற முடியவில்லை. எஞ்சியது ஒரு சிறு பட்டியல். 1967-இல் தொடங்கிய கடலடி மருத்துவர் சங்கம் அதைச் சலித்துச் சலித்துச் சுருக்கியது: குமிழி நோய், ரத்தக்குழாயில் காற்றடைப்பு, கார்பன் மோனாக்சைடு, கேஸ் காங்கிரீன், கதிர்வீச்சுச் சிகிச்சையால் நைந்த திசு, சர்க்கரை நோயாளிகளின் ஆறாத சில கால் புண்கள், திடீர்ச் செவித்திறன் இழப்பு என்று ஒரு டஜனுக்குச் சற்று மேல். களைப்பு அதில் இல்லை. முதுமையும் இல்லை.

மறுபடியும் மூத்த ஆசை

1986-இல் ஒரு பரபரப்புப் பத்திரிகையில் மைக்கேல் ஜாக்சன் கண்ணாடிக் குழாய்க்குள் படுத்திருக்கும் படம் வந்தது. நீண்ட ஆயுளுக்காக அதில் தூங்குகிறார் என்றது செய்தி. அது தீக்காய நோயாளிகளுக்கான கருவி, தான் அதில் தூங்கியதே இல்லை என்று 1993-இல் தொலைக்காட்சியில் அவரே மறுத்தார். மறுப்பு யாருக்கும் நினைவில்லை, படம் நின்றுவிட்டது.

அதே எண்பதுகளில் கொலராடோவின் இகோர் கேமோ, மலையேறுபவர்களுக்காகக் காற்றடைத்து ஊதும் பை ஒன்றைச் செய்தார். பெருவெடிப்புக் கொள்கையோடு பேசப்படும் ஜார்ஜ் கேமோவின் மகன் இவர். உயரத்தில் மூச்சுத் திணறுபவரைப் பைக்குள் போட்டுக் காலால் பம்ப் அடித்தால், மலையை விட்டுக் கீழே இறங்கியது போன்ற அழுத்தம் கிடைக்கும். பல உயிர்களைக் காத்த கருவி. நலவாழ்வு மையங்களிலும் வீடுகளிலும் இன்று காணப்படும் மென்சுவர்க் கூடாரங்கள் இதே வகைதான். அமெரிக்காவில் அவற்றுக்குக் கிடைத்த அனுமதியும் மலை நோய்க்குத்தான்.

அந்தக் கூடாரங்களில் அழுத்தம் 1.3 மடங்கு. உள்ளே காற்று மட்டும் இருந்தால், சாதாரண அறையில் 27 சதவீத ஆக்சிஜனைச் சுவாசிப்பதற்குச் சமம். மூக்கில் ஒரு மெல்லிய குழாய் வைத்தாலே அது கிடைத்துவிடும். புரேமாவின் மூன்று மடங்கு அழுத்தமும் தூய ஆக்சிஜனும் வேறு, இது வேறு. இரண்டுக்கும் பெயர் மட்டும் ஒன்று.

ஆனால் போனவர்கள் நன்றாக உணர்வதாகச் சொல்கிறார்களே? சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. கனடாவின் கியூபெக்கில் மூளை முடக்குவாதம் உள்ள 111 குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு 1.75 மடங்கு அழுத்தத்தில் தூய ஆக்சிஜன், மற்றதற்கு 1.3 மடங்கில் வெறும் காற்று. இரண்டு மாதத்தில் நாற்பது அமர்வுகள். 2001-இல் முடிவு வெளியானது: இரண்டு குழுவுமே முன்னேறின, ஒரே அளவுக்கு. பெற்றோரின் ஈடுபாடும் எதிர்பார்ப்பும் கூடுதல் கவனிப்புமே காரணமாகலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். 1.3 மடங்கு காற்றுக்கே சக்தி உண்டு என்பதற்கு இது சான்று என்றார்கள் ஆதரவாளர்கள். எதுவுமே செய்யாத மூன்றாவது குழு இல்லாததால் சண்டை தீரவில்லை. ஆக்சிஜனைக் கூடுதலாகக் கொடுத்ததால் கூடுதல் பலன் இல்லை என்பது மட்டும் தீர்ந்தது.

2020-இல் இஸ்ரேலில் இருந்து வந்த ஆய்வு இன்னும் பெரிய ஆசையைத் தூண்டியது. 64 வயதைத் தாண்டிய 35 பேருக்கு, இரண்டு மடங்கு அழுத்தத்தில் 60 அமர்வுகள். குரோமோசோம் முனைகளான டெலோமியர்கள் வெள்ளணுக்களில் 20 சதவீதத்துக்கு மேல் நீண்டன என்றது அறிக்கை. முதுமை பின்வாங்கியது என்று தலைப்புகள் பறந்தன. அந்த ஆய்வில் ஒப்பிடுவதற்கு இன்னொரு குழு இல்லை. அளந்தது அணுக்களை, அவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்தார்களா என்பதை அல்ல.

அறைக்குள் போய்வருவதற்கு விலை பணம் மட்டும் இல்லை. காது அடைப்பும் செவிப்பறைக் காயமும் சாதாரணம். பல அமர்வுகளுக்குப் பின் சிலருக்குக் கிட்டப்பார்வை கொஞ்சகாலம் கூடும். அரிதாக வலிப்பு வரும். எல்லாவற்றையும்விடப் பெரியது நெருப்பு. ஆக்சிஜன் செறிந்த அறையில் ஒரு பொறி போதும். 1997-இல் மிலான் மருத்துவமனை ஒன்றின் அறைக்குள் 11 பேர் வெந்து இறந்தார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு தனியார் மையத்தில் ஐந்து வயதுச் சிறுவன் இறந்தான். உடையில், கைபேசியில், தலைக்குத் தடவும் எண்ணெயில் நல்ல மருத்துவமனைகள் காட்டும் கெடுபிடி வீண் சடங்கு இல்லை.

இந்தக் கதையில் அழுத்த அறை மருத்துவமாக மாறிய ஒவ்வொரு முறையும் மூன்று கேள்விக்குப் பதில் இருந்தது: எந்த நோய்க்கு, எவ்வளவு அழுத்தத்தில், எதோடு ஒப்பிட்டு? மோயரிடம் இருந்தது, புரேமாவிடம் இருந்தது. ஹென்ஷாவிடமும் கன்னிங்ஹமிடமும் இல்லை. காயம் ஆறாத சர்க்கரை நோயாளிக்கு மருத்துவர் இதைப் பரிந்துரைத்தால், அதே மூன்றையும் கேளுங்கள். பதில் சொல்ல அவரிடம் ஆய்வுகள் இருக்கின்றன. களைப்புக்கும் இளமைக்கும் என்று அழைப்பவரிடம் கேட்டால் இன்றைக்கு மூன்றில் ஒன்றுக்குக்கூட உறுதியான பதில் கிடைக்காது. நாளை கிடைக்கலாம், ஆய்வுகள் நடக்கின்றன. அதுவரை காசு கட்டி உள்ளே படுப்பவர், யாரும் குறிப்பெடுக்காத ஒரு பரிசோதனையில் தன் சொந்தச் செலவில் கலந்துகொள்கிறார்.